கூலன்ட் மாற்றிய பிறகு எஞ்சின் சூடேறுகிறதா? மலைநாட்டில் எயார் லொக் பிடிக்காமல் வேலை செய்யும் முறை

தலவாக்கலையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவரிடம் ஒரு பழைய கொரோலா இருக்கிறது. ரேடியேட்டர் ஓரத்தில் கசிந்ததால் தானே கழற்றிக்கொண்டு போய்ப் பற்றவைத்து வந்து, தானே பூட்டி, புதுக் கூலன்ட் ஊற்றியிருக்கிறார். கசிவு நின்றுவிட்டது. ஆனால் இப்போது நானுஓயா ஏற்றத்தில் வெப்ப முள் மேலே போகிறது, கொஞ்சம் சமதரை வந்ததும் சட்டென்று விழுகிறது. விடியற்காலையில் ஹீட்டர் போட்டால் குளிர்காற்றுதான் வருகிறது. டேஷ்போட்டுக்குப் பின்னால் ஓடையில் தண்ணீர் ஓடுவது போல ஒரு சலசலப்பு. ஒருவர் வோட்டர் பம்ப் போய்விட்டது என்கிறாராம். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வை, கழற்றி எறியச் சொல்கிறாராம்.

தம்பி, பம்ப்பையும் தெர்மோஸ்டாட்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் சொன்ன நான்கு அறிகுறிகளும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. எயார் லொக் என்பது இதுதான். நான் ஹட்டன் பக்கம் இருபத்தைந்து வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். கூலன்ட் வேலை செய்த மறுநாளே சூடேறுகிறது என்று வரும் வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். முதலில் ஒரு கேள்வி. பழைய கூலன்ட் எத்தனை லீற்றர் வெளியே வந்தது, புதியது எத்தனை லீற்றர் உள்ளே போனது? அநேகமாக நீங்கள் அளந்திருக்க மாட்டீர்கள். மூடி வரைக்கும் நிரம்பியது, அதோடு சரி என்று மூடியிருப்பீர்கள். நாலரை லீற்றர் வடித்த வண்டியில் மூன்று லீற்றரோடு மேல்விளிம்பு வரை தளும்பினால், மிச்சம் ஒன்றரை லீற்றர் இடத்தில் இருப்பது காற்று.

அந்தக் காற்று எங்கே போய் உட்காரும்? தண்ணீர் கீழே இறங்கும், காற்று இருக்கிற இடத்திலேயே மிக உயரமான மூலையில் ஒதுங்கும். கார்களில் அந்த மூலை பெரும்பாலும் டேஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டரின் சின்ன ரேடியேட்டர். அல்லது எஞ்சினையும் ரேடியேட்டரின் மேல்பக்கத்தையும் இணைக்கும் மேல் ஹோஸ் வளைந்து இறங்குகிற முழங்கை. அல்லது சிலிண்டர் ஹெட்டின் மேல்பகுதி. வோட்டர் பம்ப்புக்குள் இருப்பது ஒரு சுழலும் இறக்கை, அவ்வளவுதான். அது தண்ணீரைத் தள்ளும், காற்றைத் தள்ளத் தெரியாது. ஒரு பெரிய குமிழி பம்ப்புக்குள் போய்விட்டால் இறக்கை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், ஓட்டம் நின்றுவிடும். ஹீட்டரில் குளிர்காற்று வருவது அதற்குள் சுடுதண்ணீர் போகாததால். சலசலப்பு, பாதி தண்ணீரும் பாதி காற்றுமாக அந்தக் குழாய்களில் ஓடுவதால். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு உயரும்போது குமிழி இடம் மாறி எஞ்சின் பக்கம் வருகிறது, முள் ஏறுகிறது. சமதரையில் மறுபடி ஒதுங்குகிறது, முள் இறங்குகிறது.

முள் இறங்கும்போது நிம்மதி அடையாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். வெப்பத்தை அறியும் சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகச் சொல்லும். காற்றுக்குள் மாட்டிக்கொண்டால் அதற்கு எஞ்சினின் உண்மையான சூடு தெரியாது. சில வருடங்களுக்கு முன் சிவனொளிபாதமலை சீசனில் ஒரு லைட்ஏஸ் வேன் என் கராஜுக்கு இழுத்து வரப்பட்டது. அவிசாவளையில் இருந்து இரவோடு இரவாக ஏறியவர்கள். கினிகத்தேனைக்குக் கீழே முள் சிவப்பைத் தொட்டிருக்கிறது. டிரைவர் பொறுப்பான மனிதர், நிறுத்தி, ஆறவிட்டு, ரோட்டோரப் பீலியில் தண்ணீர் பிடித்து, தளும்பத் தளும்ப ஊற்றி, மூடிவிட்டுக் கிளம்பினார். வட்டவளை தாண்டும்போது முள் மறுபடி ஏறி, பிறகு சட்டென்று நடுவுக்கும் கீழே விழுந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டியிருக்கிறார். ஹட்டன் வருவதற்குள் எஞ்சின் தானாக நின்றது. ஹெட்டைக் கழற்றி நேர்கம்பியை வைத்துப் பார்த்தேன். நடுவில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. அலுமினிய ஹெட் வளைந்து போயிருந்தது. அவர் ஊற்றிய தண்ணீரின் அளவில் குறை இல்லை. உள்ளே இருந்த காற்றுக்கு வெளியே வர வழியும் நேரமும் கிடைக்கவில்லை.

மலைநாட்டில் இதை ஏன் இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கொழும்பில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் குறையும். சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் உள்ள ஹட்டனில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 96 டிகிரியில் கொதிக்கிறது. 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் 94 டிகிரிக்குப் பக்கத்தில். அங்கே பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான். இப்போது உங்கள் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். சாதாரணமாக 82 என்று பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, 95 அளவில்தான் முழுவதும் திறக்கும். அதாவது ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால், நுவரெலியாவில் தெர்மோஸ்டாட் முழுசாகத் திறப்பதற்கு முன்பே தண்ணீர் கொதித்துவிடும். கொதித்தால் ஆவி. ஆவியும் பம்ப்புக்குக் காற்று மாதிரிதான், தள்ள முடியாது.

நல்ல மூடி இருந்தால் கதை வேறு. ஜப்பான் வாகன மூடிகளில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏறக்குறைய அத்தனை பார் அழுத்தம் வரைக்கும் மூடி விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதற்கான குறி. 1.1 மூடி ஒழுங்காக வேலை செய்தால் வெறும் தண்ணீர்கூட நுவரெலியாவில் 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ரப்பர் காய்ந்துபோன ஒரு பழைய மூடி உங்களிடமிருந்து 24 டிகிரியைத் திருடிக்கொள்கிறது. கீழ்நாட்டில் ஓடும்போது தெரியாத குறை இங்கே ஏற்றத்தில் வெளியே வந்துவிடும். ஆகவே கூலன்ட் வேலை செய்யும்போது மூடியையும் புரட்டிப் பாருங்கள். ரப்பரில் பள்ளமோ வெடிப்போ இருந்தால், அதே எண் போட்ட புது மூடி வாங்குங்கள். எண்ணைக் கூட்டிப் போடாதீர்கள், பழைய ஹோஸும் ஹீட்டரும் தாங்காது.

மூடியின் நடுவில் இன்னொரு சின்ன வால்வு இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. எஞ்சின் ஆறும்போது உள்ளே தண்ணீர் சுருங்கும், வெறுமை உண்டாகும். அப்போது அந்த வால்வு திறந்து பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் போத்தலில் இருந்து கூலன்டை உறிஞ்சிக்கொள்ளும். போத்தல் காலியாக இருந்தால், அல்லது போத்தலுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தால், உறிஞ்சப்படுவது காற்று. நம் பக்கம் இரவில் எவ்வளவு குளிர்கிறது என்று உங்களுக்கே தெரியும். தை மாதத்தில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படிகிற இரவுகள் உண்டு. பகலெல்லாம் ஏற்றத்தில் காய்ந்த எஞ்சின் இரவில் நன்றாகக் குளிர்ந்து சுருங்கி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் காற்றை இழுத்து வைத்துக்கொள்ளும். "எத்தனை தடவை எயார் எடுத்தாலும் மறுபடி பிடிக்குது அண்ணே" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த மெல்லிய குழாயைத்தான். போத்தலுக்குள் அதன் நுனி கூலன்டில் மூழ்கியிருக்க வேண்டும். சில வண்டிகளில் உள்குழாய் கழன்று விழுந்து கிடக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்தி வைத்த வண்டியைக் காலையில் தொடுவதுதான் உத்தமம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், அழுத்தம் விடுபட்ட அந்தக் கணத்தில் உள்ளே இருப்பதெல்லாம் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். உயரம் கூடக்கூட அது இன்னும் எளிதாக நடக்கும். துணியைப் போட்டுத் திறக்கலாம் என்பதை நம்ப வேண்டாம். என்னிடம் வேலை பழகிய ஒரு பையனுக்கு முழங்கையில் இன்றும் தழும்பு இருக்கிறது.

வண்டியை மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். கீழ்நாட்டு மெக்கானிக்குகள் இதற்காக ஜாக் தேட வேண்டும், நமக்குச் சரிவுக்குப் பஞ்சமே இல்லை. தோட்டத்து ரோட்டில் எந்த முடக்கும் போதும். ரேடியேட்டரின் வாய் முழு அமைப்பிலும் உயரமான இடமாக ஆகிவிட்டால், காற்று தானாகவே அதை நோக்கி வரும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். பின்சில்லுகளுக்குக் கீழ்ப்பக்கமாக நல்ல கல்லாகப் பார்த்து முட்டுக் கொடுங்கள், கியரிலும் போடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் கட்டத்தில் கியரை நியூட்ரலுக்கு எடுக்க வேண்டியிருக்கும், அப்போது கற்கள்தான் வண்டியைப் பிடித்திருக்கும். கீழ்ப்பக்கம் பிள்ளைகள் விளையாடும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

வடிக்கும்போது ஒரு பேசினை வைத்து அளந்து எடுங்கள். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் எஞ்சின் புளொக்குக்குள் கொஞ்சம் தங்கிவிடும், அதனால் கையேட்டில் போட்டிருக்கும் மொத்த அளவோடு ஒப்பிட்டுப் பயனில்லை. எவ்வளவு வந்ததோ அவ்வளவு போக வேண்டும். இந்த ஒரு பழக்கம் போதும், பாதிப் பிரச்சினை ஒழிந்தது. வடித்ததைக் கானில் ஊற்றாதீர்கள். கூலன்ட் இனிப்புச் சுவை உடையது, நாய் நக்கினால் செத்துப்போகும். அதோடு நம் கான்கள் எல்லாம் ஆற்றுக்குத்தான் போகின்றன, கீழே லயத்துக்காரர்கள் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள். கேனில் அடைத்து, பழைய ஒயில் எடுக்கிற இடத்தில் கேட்டுக் கொடுங்கள்.

எதை ஊற்றுவது? பீலித் தண்ணீர் குடிக்க அமிர்தம், எஞ்சினுக்கு வேண்டாம். மழைக்காலத்தில் அதில் நுண்ணிய சேறு வரும். வெறும் தண்ணீர் எதுவானாலும் உள்ளே துரு பிடிக்க வைக்கும். "நம்ம நாட்டில் தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதற்கு" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுக்கிறது, பம்ப்பில் கசிவைத் தடுக்கும் சீல் கெடாமல் காப்பாற்றுகிறது, கொதிநிலையை இன்னும் சில டிகிரி உயர்த்துகிறது. கலந்து விற்கும் கூலன்டை அப்படியே ஊற்றலாம். கலக்காததை வாங்கினால், பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில் வோட்டரோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

ஹீட்டர் குமிழை உச்சச் சூட்டுக்குத் திருப்பி வையுங்கள். பழைய வண்டிகளில் கேபிளால் இழுபடும் ஒரு டெப் ஹீட்டர் குழாயில் இருக்கும், அது மூடியிருந்தால் அந்தப் பகுதிக்குள் தண்ணீரே போகாது. பிந்திய வண்டிகள் பலவற்றில் அந்த டெப் இல்லை, தண்ணீர் எப்போதும் ஓடும். இருந்தாலும் திருப்பி வைப்பதில் நட்டமில்லை. கீழ்நாட்டில் ஓடிய சில வண்டிகளில் ஹீட்டர் கசிந்தபோது அதை வெட்டிவிட்டு இரண்டு குழாய்களையும் ஒரு வளைந்த ஹோஸால் இணைத்திருப்பார்கள். அந்த வளைவு மேல்நோக்கி வளைந்திருந்தால் அங்கேயும் காற்று தங்கும். அதைத் தாழ்த்திக் கட்டிவிடுங்கள்.

இனி ஊற்றுவது. இங்கேதான் பொறுமை வேண்டும். மேல் ஹோஸை ரேடியேட்டர் பக்கத்தில் கழற்றி, அந்த ஹோஸ் வாயைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அதன் வழியாக முதலில் எஞ்சினுக்குள் ஊற்றுங்கள். உள்ளே இறங்கும் சத்தம் கேட்கும், பிறகு குபுக்கென்று ஒரு மூச்சு விடும், மட்டம் இறங்கும். மறுபடி ஊற்றுங்கள். இனிப் போகாது என்று ஆன பிறகு ஹோஸைப் பூட்டி, க்ளிப்பை இறுக்கி, ரேடியேட்டர் வாயில் ஊற்றத் தொடங்குங்கள். நூல் பிடித்த மாதிரி மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். கடகடவென்று கவிழ்த்தால், இறங்கும் தண்ணீரே ஏறிவரும் காற்றின் வழியை அடைத்துவிடும். போத்தலில் இருந்து தேங்காய் எண்ணெய் ஊற்றும்போது விக்கி விக்கி வருகிறதே, அதே கதைதான்.

என்னிடம் இதற்கென்று விலைக்கு வாங்கிய பெரிய புனல் இருக்கிறது. ஆனால் பல வருடம் நான் பயன்படுத்தியது ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல். அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, கழுத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டை இரண்டு மூன்று சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். அதை ரேடியேட்டர் வாய்க்குள் அழுத்தி, உள்விளிம்பில் உட்காரும்படி வையுங்கள். மேல்விளிம்பில் மட்டும் நின்றால், ஊற்றுகிற கூலன்ட் மெல்லிய குழாய் வழியாகப் பக்கத்துப் பிளாஸ்டிக் போத்தலுக்கு ஓடிவிடும். அப்படி ஓடினால் அந்தக் குழாயை இடுக்கியால் மெதுவாகப் பிடித்து நிறுத்துங்கள். புனலாக வைத்த போத்தலில் பாதி வரை கூலன்ட் நிற்கட்டும். இப்போது தண்ணீர் மட்டம் ஹீட்டரைவிட உயரத்தில் இருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாட்டின் மடியைக் கறப்பது போல அழுத்தி அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் போத்தலில் குமிழிகள் வரும். முதலில் பெரிசு பெரிசாக, பிறகு சோடாவில் வருவது போலச் சின்னதாக. ஹீட்டர் குழாய்களும் கைக்கு எட்டினால் அவற்றையும் அழுத்துங்கள். நிறையப் பேர் இதைச் செய்யாமல் நேரே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிடுகிறார்கள். எஞ்சின் ஓடாமல் எவ்வளவு காற்றை எடுக்க முடியுமோ அவ்வளவும் எடுத்துவிட்டால், ஓடும்போது எடுக்க வேண்டியது கொஞ்சம்தான்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விடுங்கள். மின்விசிறி எந்த நேரமும் திடீரென்று சுற்றத் தொடங்கலாம், சால்வையோ தளர்ந்த சட்டைக் கையோ அருகில் வேண்டாம். தெர்மோஸ்டாட் திறக்கும் வரைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம், குளிர்காலக் காலையில் இன்னும் கூட. அது திறந்ததைக் கையால் அறியலாம். டொயோட்டாக்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். மேல் ஹோஸ் முன்னதாகவே சூடாகிவிடும், கீழ் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே கிடந்து திறந்ததும் சூடேறும். தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் பக்கம் உள்ள வண்டிகளில் மேல் ஹோஸே குளிர்ந்திருந்து சட்டென்று சூடாகும். திறக்கும் நேரத்தில் போத்தலில் மட்டம் ஒரேயடியாக இறங்கும், கூடவே ஒரு பெரிய குமிழி வரும். உடனே ஊற்றிக்கொடுங்கள், போத்தல் காலியாகி மறுபடி காற்றை இழுக்க விடாதீர்கள். பிறகு அக்சிலேட்டரை 2,000, 2,500 சுற்றுக்கு மெதுவாகக் கொண்டுபோய், அரை நிமிடம் பிடித்து, விடுங்கள். நாலைந்து தடவை இப்படி. விசிறி இரண்டு முறை சுற்றி நின்ற பிறகும் குமிழி வராமல், ஹீட்டரில் கை வைக்க முடியாத சூட்டில் காற்று வந்தால் போதும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, புனலை எடுத்து, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். பக்கத்துப் போத்தலையும் மேல்கோட்டு வரைக்கும் நிரப்புங்கள்.

சில வண்டிகளில் மேல் ஹோஸ் முழங்கையிலோ தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டிலோ காற்று விடுவதற்கென்றே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஐரோப்பிய வண்டிகளில் அநேகமாக உண்டு. குளிர்ந்த நிலையில் அதைத் தளர்த்தி வைத்து ஊற்றி, குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் வந்ததும் மூட வேண்டும். பிளாஸ்டிக்காக இருந்தால் பலம் காட்டாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னவருக்கு வருகிறேன். இந்த ஆலோசனை மலைநாட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. டொயோட்டா போன்றவற்றில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தத் தட்டு, ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் குறுக்குவழியை அடைக்கும். கழற்றிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். சமதரையில் குளிர்ந்தே ஓடும், பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது சூடேறும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் கழற்றி, பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பழுது என்றால் புதியது போடுங்கள்.

போடும்போது ஒரு விஷயம். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஒரு சின்ன துளையும் அதில் ஆடும் ஒரு ஊசியும் இருக்கும். உலுக்கினால் கிலுகிலுக்கும். மூடியிருக்கும் தெர்மோஸ்டாட்டைத் தாண்டிக் காற்று மேலே போவதற்காகவே வைத்த வழி அது. அந்த ஊசி மேல்நோக்கி, மணிக்கூட்டில் 12 இருக்கும் இடத்தில் வர வேண்டும். கீழ்நோக்கிப் பூட்டினால் காற்று மேலே மாட்டிக்கொண்டு நிற்கும், எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் வெளியே வராது. ஊசியும் துளையும் இல்லாத தெர்மோஸ்டாட்டை ஊசி இருந்த வண்டிக்குப் போட்டுவிட்டு நாள் முழுக்கத் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும் வேன்களுக்கு நான் எப்போதும் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குவேன். லைட்ஏஸ், டவுன்ஏஸ், டொல்பின் எல்லாம் அந்த வகை. ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் உள்ளே, நடுவில் நீளமான குழாய்கள், பின்சீட்டுக்காரர்களுக்குத் தனி ஹீட்டர் இருந்தால் அதற்கு இன்னும் இரண்டு குழாய்கள். பின் ஹீட்டரையும் போட்டுச் சூடு வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். முன்னால் சூடும் பின்னால் குளிருமாக இருந்தால் வேலை முடியவில்லை. அக்வா, மூன்றாம் தலைமுறை பிரியஸ் போன்ற ஹைபிரிட்டுகள் வேறு சங்கதி. அவற்றில் எஞ்சினின் வோட்டர் பம்ப் பெல்ட்டில் சுற்றாது, மின்சாரத்தில் ஓடும். இன்வேர்ட்டருக்கு என்று தனிக் கூலன்ட் சுற்றும், தனிப் பம்ப்பும் உண்டு. எஞ்சினும் தன்பாட்டில் நின்று நின்று ஓடும், அதைத் தொடர்ந்து ஓட வைக்கத் தனி முறை இருக்கிறது. அது தெரிந்தவரிடம் விடுங்கள்.

கம்ப்ரசர் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, அந்த வெறுமையாலேயே கூலன்டை இழுக்க வைக்கும் கருவி இப்போது சில கராஜ்களில் இருக்கிறது. நல்ல கருவி, அரை மணி வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். இதை வைத்திருக்கும் மலைநாட்டு நண்பர்களுக்கு ஒரு சொல்: மீற்றரின் முள் பச்சைப் பகுதிக்குப் போகவில்லை என்று உடனே கசிவு தேடாதீர்கள். வெளியே இருக்கும் காற்றழுத்தமே நுவரெலியாவில் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே முள்ளும் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் காட்டும். முள் எங்கே நின்றாலும், குழாயை மூடிய பிறகு சில நிமிடம் அசையாமல் நிற்கிறதா என்பதைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது காற்று அல்ல, ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கெஸ்கட் வழியாக வரும் எரிபுகை. வித்தியாசம் எளிது. அடைபட்ட காற்று வரவரக் குறைந்து நின்றுவிடும். எரிபுகை அரை மணி கழித்தும் அதே வேகத்தில் வரும், அக்சிலேட்டரைத் தொட்டால் கூடும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடத்துக்குள், எதுவும் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லுப்போல இறுகினால் அதுவும் அதற்கான அடையாளம். கராஜில் நீல நிறத் திரவத்தை வைத்துச் சோதிப்போம், எரிபுகை கலந்தால் மஞ்சளாக மாறிவிடும். அந்த நிலையில் எயார் எடுத்துப் பயனில்லை, ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். உங்கள் வண்டியில் முள் எத்தனை தடவை சிவப்பைத் தொட்டது என்று நீங்கள் எழுதவில்லை. ஓரிரு தடவை கிட்டப் போனதோடு நிறுத்தியிருந்தால் ஹெட் தப்பியிருக்கும் என்றே நம்புகிறேன்.

வேலை முடிந்த மறுநாள் காலை, எஞ்சினைத் தொடுவதற்கு முன், ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது இயல்பு, நிரப்புங்கள். இரண்டாம் நாள் அதைவிடக் குறைவாக இறங்க வேண்டும். மூன்றாம் நாள் அசையக் கூடாது. அந்த மூன்று நாளும் தலவாக்கலை, கொட்டகலை என்று பக்கத்திலேயே ஓடுங்கள், காரில் இரண்டு லீற்றர் கலந்த கூலன்ட் இருக்கட்டும். நாலாம் நாள் ஹீட்டரைப் போட்டபடி நானுஓயா ஏற்றத்தை ஏறிப் பாருங்கள். முள்ளைவிட ஹீட்டர் காற்றைக் கவனியுங்கள். உச்சி வரைக்கும் ஒரே சூடாக வந்தால் உள்ளே காற்று இல்லை. நடுவழியில் காற்று குளிர்ந்தால், முள் எங்கே நின்றாலும் சரி, அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.